சுவரின் தடிமன்

"மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்று காதுக்குள் ஒரு பெண்குரல் சொன்னது. சோலைராஜ் நிறுத்தினான். தகரக் கூரையை யாரோ கம்பியால் அடிப்பதுபோல ஸ்கேன் குழாய் தடதடத்தது, ஓய்ந்தது, பிறகு வேறொரு சுதியில் மறுபடி ஆரம்பித்தது. முகத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி வெள்ளை வளைவு. நெஞ்சின்மேல் ஒரு கனத்த தட்டை வைத்துப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். இடது கை மடிப்பில் ஊசி குத்தி ஒட்டியிருந்தார்கள். பாதி நேரம் போனதும் அது வழியாக மருந்து ஏற்றுவோம், உடம்பு சில்லென்று இருக்கும், அசையாமல் இருங்க என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். பயமாக இருந்தால் அமுக்குவதற்கு வலது கையில் ஒரு ரப்பர் பந்து. அவன் அமுக்கவில்லை. நாற்பத்தைந்து நிமிடம்தானே. நாற்பத்தைந்து நிமிடத்தில் அவன் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடுவான். ஓடுவான் இல்லை, ஓடினான், மூன்று மாதத்துக்கு முன்புவரை. இப்போது இழுக்கச் சொன்னால் இழுக்கிறான், விடச் சொன்னால் விடுகிறான். "மூச்சு விடலாம்." விட்டான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, மருத்துவத் தகுதி பார்க்கப் போன இடத்தில்தான் இது பிடித்துக்கொண்டது. ஈசிஜி எடுத்தவன் காகிதத்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மறுபடி எடுத்தான். அப்புறம் எக்கோ. இருதயத்தின் நடுச்சுவர் பதினைந்து மில்லிமீட்டர். பன்னிரண்டுக்குள் இருந்தால் கவலை இல்லையாம், இருபதைத் தொட்டால் சந்தேகமே இல்லையாம். நடுவில் போய் மாட்டிக்கொண்டது அவனுடையது. டாக்டர் ஷாகிரா பானு பேனாவால் அவன் இருதயத்தை வரைந்து காட்டினார். "வருஷக்கணக்கா ஓடுறவங்களுக்கு இருதயம் பெருசாகும் தம்பி, அது நோய் இல்ல, உழைச்ச கை காய்ச்சுப் போற மாதிரி. ஆனா பிறவியிலேயே சுவர் தடிக்கிற நோயும் ஒண்ணு இருக்கு. வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். மூணு மாசம் ஓடாதீங்க. ஓட்டத்தால வந்ததுன்னா தானா மெலிஞ்சிரும். இல்லைன்னா அப்படியே நிக்கும். அப்ப எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம்." ஓடாமல் இருப்பதுதான் மருந்து. ஓடாமல் இருப்பதுதான் பரீட்சையும். தொண்ணூற்றிரண்டு நாள் அவன் காலை நாலரைக்குக் கண்விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தொடை இளைத்தது. இடுப்பில் சதை போட்டது. தெருவில் பார்த்தவர்கள் இப்பத்தான் ஆள் பார்க்கக் கண்ணுக்கு நல்லா இருக்கே என்றார்கள்.

"மூச்சை இழுங்க. விடுங்க. நிறுத்துங்க." குறைந்திருக்க வேண்டும், சதையெல்லாம் குறைந்திருக்கும்போது அது மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும், பன்னிரண்டுக்கு வந்திருக்கும், பதின்மூன்றாகவாவது வந்திருக்கும், கடவுளே பதின்மூன்று போதும், என்று வேண்டிக்கொண்டே போனவன் அங்கே போய் இடறினான். மூன்று மாதமாக அதே இடத்தில்தான் இடறுகிறான். பதின்மூன்று என்றால் அவனுக்கு நோய் இல்லை. அவனுக்கு நோய் இல்லை என்றால் அது அவர்கள் ரத்தத்தில் இல்லை. ரத்தத்தில் இல்லை என்றால் அண்ணனைக் கொன்றது செபஸ்தியான் சார்தான். நல்லது. அப்படியே இருக்கட்டும். ஏழு வருடமாக அப்படித்தானே இருக்கிறது. "மூச்சு விடலாம்." மேலூர் பள்ளி மைதானத்தில் விடிகாலையில் போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் போகிற பையன்களுக்கு இலவசமாக ஓட்டம் சொல்லிக் கொடுத்த சார். தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். விசிலை வாயில் கடித்துக்கொண்டே பேசுவார், பாதி புரியாது. அண்ணன் மலைச்சாமி அவருக்கு வலது கை மாதிரி, கூடவே சுற்றுவான். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒன்றரை வயதில் பெண் குழந்தை. போலீஸ் தேர்வில் ஆயிரத்தைந்நூறு மீட்டர், கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவன் அடி வைத்த இடத்திலேயே மடங்கி விழுந்தான். கையை ஊன்றக்கூட இல்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்ற சோலைராஜ் அண்ணன் தடுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தான், எந்திரிண்ணே, எந்திரிண்ணே, இன்னும் நூறு மீட்டர்தான் என்று கத்தினான். அதைக் கத்தியிருக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனையில் இருதயம் நானூற்றெண்பது கிராம், இயல்பைவிடப் பெரிது என்று எழுதியிருந்தார்கள். பெரிது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது ஊருக்கு. ஊக்க மருந்து ஊசி போட்டால்தான் இருதயம் வீங்கும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அது மலைச்சாமிக்குப் போட்ட ஊசியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து உள்ளுறுப்புப் பரிசோதனையில் மருந்து எதுவும் இல்லை என்று தாள் வந்தது. அதை யார் படித்தார்கள்? சார் ஆள் வைத்து மாற்றிவிட்டார் என்றார்கள். சாரின் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. சார் வீட்டு வாசலில் அம்மா மண்ணை அள்ளித் தூற்றிய அன்று சாரின் மனைவி ஜன்னலைச் சாத்தினாள், அந்தச் சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறது. அண்ணி வசுமதி ஒருத்திதான், சார் அப்படிச் செய்யிற ஆள் இல்ல அத்தை என்று சொன்னாள், ஒரே ஒரு தடவை. புருஷன் செத்ததுக்கு அழுகாம அவனுக்குப் பரிஞ்சு பேசுறியா என்று அம்மா கேட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடையில் தன் தாய்வீட்டுக்குப் போன அண்ணி திரும்பி வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

"இப்ப மருந்து ஏத்துறோம். அசையாதீங்க." கை மடிப்பிலிருந்து தோளுக்கு ஒரு குளிர் ஏறியது, நாக்கில் இரும்பு ருசி. எந்தக் கை? அன்று போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார், எந்தக் கையிலடா போட்டான்? வலது கையில சார். அப்போது இருபது வயது அவனுக்கு. வலது கை என்று தடுமாறாமல் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார், எழுதியதும் அது நடந்ததாகிவிட்டது. சாவு வீட்டில் மாமா தோளைப் பிடித்து உலுக்கி, நீதான்டா அண்ணன்கூடவே இருந்தவன், அவன் ஊசி போட்டதைப் பார்த்தியா இல்லையா என்று கேட்டபோது பந்தலில் அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள், அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் செய்தான். ஒரு தலையாட்டல். அவன் பார்த்தது என்ன? முந்தின நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், சார் குத்தவைத்து அவன் முட்டியில் என்னவோ செய்துகொண்டிருந்தார், கையில் சின்னதாக ஏதோ பளபளத்தது, தூரத்தில் நின்றதால் சரியாகத் தெரியவில்லை. தெரியவில்லையா? "மூச்சை இழுங்க." தெரிந்தது. "விடுங்க." புஸ் என்று சத்தம் கேட்டது. முட்டி வலிக்கு அடிக்கிற ஸ்பிரே, அந்த மருந்து வாடை அவன் நின்ற இடம்வரை அடித்தது, அதே டப்பாவால் சார் அவன் கணுக்காலுக்கும் எத்தனை தடவை அடித்திருக்கிறார். "நிறுத்துங்க." நிறுத்தினான். நிறுத்தியபோது குழாய் அடித்த அடியில், ஏழு வருடமாக எந்தப் பக்கம் ஓடினாலும் முன்னால் வந்து நிற்கிற இன்னொன்றும் வந்து நின்றது. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு கண்மாய்க்கரையில் அண்ணனும் அவனும் மட்டும் ஓடினார்கள். அண்ணன் திடீரென்று நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் சரிந்தான். கண் செருகிப் போயிற்று. சோலைராஜ் அவன் முகத்தில் தண்ணீர் அடித்தான். ஒரு நிமிடம் இருக்கும், எழுந்து உட்கார்ந்து சிரித்தான் அண்ணன். "சார்கிட்டச் சொல்லிறாதடா. சொன்னா நிப்பாட்டிருவாரு. அம்மாகிட்டயும் சொல்லாத." அவன் சொல்லவில்லை. சாரிடம் சொல்லவில்லை. சார் அறிந்திருந்தால் நிறுத்தியிருப்பார், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிறுத்தியிருப்பார், அதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. நிறுத்தக்கூடிய ஒரே ஆளிடம் சொல்லாமல் இருந்தவன்தான் பந்தலில் தலையாட்டினான். மாமா கேட்காமல் போயிருந்தால், யாராவது உனக்கு ஏதாவது தெரியுமா என்று வேறு மாதிரிக் கேட்டிருந்தால்... கேட்டிருந்தால் மட்டும் என்ன. நெஞ்சு இடித்தது. தட்டுக்கு அடியில் அது இடிப்பதை அவன் உணர்ந்தான், இடித்தது, படம் பிடித்தார்கள், அதன் சுவரை அளந்தார்கள். அது ஓடித் தடித்த சுவரா, அண்ணனை ஓட அனுப்பிய பாவமா என்று எந்த மெஷின் சொல்லும். பதின்மூன்று என்று வரட்டும் என்று வேண்டினால் குற்றமில்லாத ஒரு மனிதனைத் தூக்கில் தொங்கவிட்டபடி வேண்டுகிறான். பதினைந்து என்று வரட்டும் என்று வேண்ட வாய் வரவில்லை. ஓட வேண்டும் அவனுக்கு. அந்த நேரத்திலும், குற்றத்தை ஒத்துக்கொண்ட அந்த நொடியிலும், அவன் ஓடத்தான் ஆசைப்பட்டான். அதுதான் கசந்தது. "முடிஞ்சிருச்சு. மூச்சு விடலாம்."

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னய்யா, வலிச்சதா என்றாள். இல்லை என்றான். கேண்டீனில் இரண்டு தயிர்சாதம் வாங்கி வந்தான், அம்மா தன்னுடையதில் பாதியை அவன் இலையில் தள்ளினாள், இருவரும் தின்றார்கள். மத்தியானம் ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஷாகிரா பானு கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒன்று சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. "குறையலை தம்பி. மூணு மாசம் ஓடாம இருந்தும் பதினஞ்சு அப்படியே இருக்கு. ஓட்டக்காரங்களுக்குச் சுவரோட சேர்ந்து உள் அறையும் பெருசாகும். உங்களுக்கு அறை சின்னதா இருக்கு, சுவர் மட்டும் தடிச்சிருக்கு. அப்புறம் இங்க பாருங்க." பேனா முனை ஒரு வெள்ளைத் திட்டில் நின்றது. "தழும்பு. ஓடுறதால மட்டும் இந்த இடத்துல இப்படி வராது. இது பிறவி நோய். குடும்பத்துல வர்றது. இனிமே பந்தய ஓட்டம் வேண்டாம். நடக்கலாம். மருந்து எழுதுறேன், சிலருக்கு உள்ள ஒரு கருவி வைக்க வேண்டி வரும், அதை அடுத்த தடவை பேசுவோம். வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" அவன் சொல்லுமுன் அம்மா சொன்னாள். "பெரியவன். ஓடுறப்ப." பிறகு, "அவங்க அப்பாவும் நாப்பது ஆகுறதுக்குள்ள போயிட்டாரு. லாரியில மூட்டை ஏத்துறப்ப. ஆனா அவரு குடிச்சுச் செத்தாரு டாக்டரம்மா."

"அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

அம்மா, "அன்னைக்குக் குடிக்கலை" என்றாள். அதை இப்போதுதான் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள். "அப்ப என் பெரியவனுக்கும் இதுதானா? ஊசி போட்டதால வந்ததில்லையா?"

"நேர்ல பார்க்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா இதுவாத்தான் இருக்கும். ஊசி எதுக்கு?" டாக்டர் அவனிடம் திரும்பினார். "அண்ணனுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. இலக்கியா. எட்டு வயசு."

"கூட்டிட்டு வாங்க. எக்கோ எடுக்கணும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் ஓட விடாதீங்க."

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா நின்றாள். சக்கர நாற்காலி ஒன்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. "நீ பார்த்தேன்னு சொன்னியேடா."

"ஸ்பிரேம்மா. முட்டி வலிக்கு அடிக்கிறது. ஊசி இல்ல."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா மாத்திரைச் சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள். "அந்தப் பொம்பளை ஜன்னலைச் சாத்துனா" என்றாள். "கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு உள்ள நின்னா. நான் மண்ணை வாரித் தூத்துனேன்." பஸ் நிலையத்தில் அம்மா கழிப்பறைக்குப் போயிருந்தபோது அவன் போனை எடுத்தான். சாரின் எண்ணை அழிக்காமலேதான் வைத்திருந்தான், ஏன் என்று கேட்டால் திட்டுவதற்கு என்று சொல்லியிருப்பான். சார் திண்டுக்கல்லில் ஏதோ அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்காவது மணியில் எடுத்தார்.

"யாருப்பா?"

"சோலை சார். மலைச்சாமி தம்பி."

அந்தப் பக்கம் ஒரு கார் ஹாரன் அடித்தது, இரும்புக் கேட் திறக்கிற சத்தம், மறுபடி மூடுகிற சத்தம். வேலையை முடித்துவிட்டு, "சொல்லு" என்றார். விசில் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

"அன்னைக்கு நீங்க அடிச்சது ஸ்பிரேதான் சார். நான்தான் பொய் சொன்னேன். எங்க குடும்பத்துல இருதய நோய் இருக்கு. எனக்கும் இருக்காம். இப்பத்தான் தெரிஞ்சுது."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார் சார். கோபமாகக்கூட இல்லை. "நான் அடிச்சது ஸ்பிரேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. அதை என்கிட்ட எதுக்குச் சொல்ற? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு." கண்மாய்க்கரையைப் பற்றிச் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்ப அடித்தான். எடுக்கவில்லை.

மேலூர் பஸ்ஸில் அம்மா முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது, அதில் பையை வைத்துக்கொண்டாள். அவன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். ஒரு மேலூர், ஒரு ஒத்தக்கடை என்று டிக்கெட் வாங்கினான். ஒத்தக்கடையில் இறங்குமுன் அம்மா பக்கம் குனிந்து, அண்ணிகிட்டச் சொல்லிட்டு வர்றேன் என்றான். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "எல்லாத்தையும் சொல்லு" என்றாள்.

எல்லாத்தையும் என்றால் எதுவரைக்கும், கண்மாய்க்கரை வரைக்குமா, அம்மாவுக்கே தெரியாததையும் சேர்த்தா என்று நினைத்துக்கொண்டே தெருவைக் கண்டுபிடித்து அவன் போய் நின்றபோது அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றே அவன் சொன்னான். நோயை, ஸ்பிரேயை, தலையாட்டியதை, அண்ணன் கண் செருகி விழுந்ததை, சொல்லாதடா என்றதை, சொல்லாமல் இருந்ததை. அண்ணியின் கால் மிதியிலிருந்து இறங்கியிருந்தது. மெஷின் ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஒரு பள்ளிச் சீருடை அப்படியே நின்றது.

"பத்து நாளைக்கு முன்னாடியே" என்றாள் அண்ணி. "பத்து நாள் இருந்துச்சு."

"ஆமாண்ணி."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை முடிகிற வழியாக இல்லை. அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "பாப்பா எங்கண்ணி? அதுக்கு டெஸ்ட் எடுக்கணுமாம். அதுவரைக்கும் ஓடக் கூடாதுன்னாங்க."

அண்ணி படக்கென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ஸ்கூல் கிரவுண்டுல இருக்கா. நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே. ரிலேவுல ஓடுறா."

பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர். அவன் கால்கள் தாமாகவே கிளம்பிவிட்டன, பத்து எட்டு, பன்னிரண்டு எட்டு, மூன்று மாதமாகக் கட்டிப்போட்டிருந்த கால்கள், உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பாய்ந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், பின்னாலிருந்து அண்ணி, "ஓடாத! ஏய், நீயும் ஓடாத!" என்று கத்தினாள். நின்றான். மூன்று நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். நடந்தான். காய்கறி வண்டியைத் தாண்டி, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, பள்ளிச் சுவரின் நீளம் முழுக்க நடந்தான். செருப்பில்லாமல் அண்ணி அவனைக் கடந்து முன்னால் ஓடினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஓடுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தான், ஒவ்வொரு அடியையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவன் கேட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி பி.டி. டீச்சரிடம் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் கையில் ரிலே கட்டையோடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். சொல்ல வேண்டியதில்லை, மலைச்சாமியின் முழங்கால், மலைச்சாமி நிற்பதுபோலவே ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். நெற்றியில் வியர்வை. சற்று முன்தான் ஓடிவிட்டு வந்திருக்கிறாள், அடுத்ததுக்கு நிற்கிறாள். அவன் போய் அவள் கையைப் பிடித்தான்.

"யாரு நீங்க?"

"உங்க சித்தப்பா."

"எனக்குச் சித்தப்பா இல்லையே."

"இருக்கேன். இங்க வா, கொஞ்ச நேரம் உக்காரு."

"நான்தான் முதல்ல ஓடணும். நான் இல்லாட்டித் தோத்துருவோம்" என்று கையை இழுத்தாள் இலக்கியா. அவன் விடவில்லை. மணிக்கட்டில் அவள் நாடி அவன் விரலுக்கடியில் வேகமாக அடித்தது. அந்த அடியிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றான். விசில் ஊதிவிட்டது. மற்றப் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே கட்டையால் அவன் கையில் அடித்தாள்.

"விடுங்க! நான் ஓடுனா உங்களுக்கு என்ன?"